முப்பத்தொன்றாம் எண்ணுக்காரன்

மார் பிராவா படகு, கடலிலிருந்து
பிப்ரவரி 5, 2006

ரூயி,

கயிற்றை அவிழ்த்துவிட்டது யார் தெரியுமா? துறையில் ஐஸ் வண்டி ஓட்டுகிறாரே, அந்தக் கிழவர். "உன் வீட்டுக்காரன் எங்கம்மா?" என்று கேட்டார். "குழந்தை தூங்குது" என்றேன். துவார்த்தே முன்பகலில் தூங்குகிறவனா? நீ கடலில் இருந்தவரை ஒவ்வொரு பயணத்துக்கும் உன் படகின் முன்புறத்து அணியக் கயிற்றை அவிழ்த்தவள் நான். சண்டை போட்ட நாளிலும் அவிழ்த்தேன், வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தும் அவிழ்த்தேன். சரி, அதை இத்தோடு விடுகிறேன்.

விட முடியவில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் கடிதம், கேப்டன் கில் அன்றாடம் கரைக்கு அனுப்புகிற மீன் செய்தியோடு தொற்றிக்கொண்டு செயற்கைக்கோள் வழியாக வரும். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் தொடர்பு. "நான் யார் கடுதாசியையும் படிக்கிறதில்ல" என்கிறார். படிக்கிறார். கேப்டன், வணக்கம்.

நான் எடுத்து வைத்த பால் பைகள் கொட்டகை உறைபெட்டியில் இடது பக்கம். ஒவ்வொன்றிலும் தேதி இருக்கிறது, பழையதை முதலில் எடு. வெந்நீரில் வைத்துக் கரை, நேராக அடுப்பில் ஏற்றாதே. மாவுப்பால் கொடுத்துப் பார்க்காதே, துப்பிவிட்டு உன்னையும் முறைப்பான். அழுகை நிற்காவிட்டால் உன் தூண்டில் கடையிலிருந்து ஒரு ரீலை எடுத்து வந்து கிர்ரென்று சுற்று. அந்தச் சத்தத்துக்கு மட்டும் மயங்குகிறான், யாருக்குப் பிறந்தவன்!

எந்திரச் சத்தத்துக்குள் அவன் அழுகிற மாதிரியே கேட்கிறது. இரண்டு முறை எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மேல் படுக்கையிலிருந்து டிராவிஸ், "யக்கா, அது தண்ணி பம்பு. படு" என்றான்.

அந்த டிராவிஸும் நானும்தான் போட்டி. இரண்டாம் கேப்டன் யார் என்று இந்தப் பயணம் முடியும்போது கில் முடிவு செய்வார். உரிமம் எங்கள் இருவரிடமும் இருக்கிறது, நாற்காலி ஒன்றுதான். எனக்கு அது வேண்டும், ரூயி. கல்யாணத்துக்கு முன்பே சொன்னேன். பிரசவ அறையில், நீ கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

அவன் இடது காதைத் தேய்த்தால் உடனே எழுது.

லிடியா


சான் டியேகோ
பிப்ரவரி 6

லிடி,

காதைத் தேய்க்கவில்லை. பால் குடித்தான். பழையதுதான் முதலில்.

நீ கிளம்பியபோது விழித்துக்கொண்டுதான் இருந்தான். நானும்தான். கூரைகளுக்கு மேலே மார் பிராவாவின் கொடிமரம் நகர்ந்து போவதை ஜன்னலிலிருந்து பார்த்தோம். "டா" என்றான். குப்பை வண்டியைப் பார்த்தாலும் "டா"தான், பெருமைப்படாதே.

நீ படித்த படிப்புக்கு மீன்வள அலுவலகத்தில் நாற்காலி போட்டுக் கூப்பிடுகிறார்கள். ஆடாத நாற்காலி. சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். உனக்கு ஆடுகிற நாற்காலிதான் வேண்டும். என் தோள் எந்தப் படகில், எந்த மூலையில் போனது என்று உனக்குத் தெரியும். அந்த மூலையில்தான் நீ இப்போது நிற்கிறாய். அதனால்தான் துறைக்கு வரவில்லை. இதற்குமேல் எழுத எனக்கு வராது.

கேப்டன், உங்களுக்கும் வணக்கம். அந்தத் தண்ணி பம்பு இன்னும் அழுவுதுன்னா பட்டையை மாத்துங்க. நான் இருந்தப்பவே சொன்னேன்.

ரூயி


மார் பிராவா, புயல் மேடு
பிப்ரவரி 8

ரூயி,

வந்து சேர்ந்துவிட்டோம். அடியில் மலை இருக்கிறது என்று கருவி சொல்கிறது, கண்ணுக்குத் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. ரோசா படகு எங்களுக்கு முன்பே வந்து மீன் அறையை முக்கால்வாசி நிரப்பிவிட்டது. நாளை மறுநாளுக்கு அடுத்த நாள் அவர்கள் ஊர் திரும்புகிறார்கள்.

உன் தோளைப் பற்றி நீ எழுதியதற்கு நான்கு பதில் எழுதி நான்கையும் அழித்தேன். அதனால் வேறு கதை சொல்கிறேன்.

இங்கே பால் எடுத்து வைக்க எனக்குக் கிடைத்த இடம் தூண்டில் கோல்கள் அடுக்குகிற அறை. எடுத்ததை ஆறவைக்க ஒரு குவளையில் ஊற்றிச் சமையலறைக் குளிர்பெட்டியில் வைத்தேன். ஹார்லனைத் தெரியுமல்லவா, வருடா வருடம் காசு கட்டி மீன் பிடிக்க வருகிற பல் டாக்டர். வழக்கம்போல எல்லாருக்கும் முன்னால் எழுந்து வந்து காப்பி கலக்கிக்கொண்டார்.

"பெனிட்டோ, இன்னைக்குக் காப்பி பிரமாதம். என்ன பால் இது?"

சமையல்காரன் பெனிட்டோ காலிக் குவளையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.

"கையில கறந்த பால் சார்."

"அப்படியா! எந்தப் பண்ணை?"

"சின்னப் பண்ணை சார். வெளியாளுக்கு ஊத்துறதில்ல."

அவருக்கு விஷயம் தெரிந்தபோது பின்தளமே சிரித்து அடங்கியிருந்தது. அன்றிலிருந்து பெனிட்டோ ஒரு வேலை செய்தான். பயணிகள் பிடிக்கிற மீனின் செவுளில் அவரவர் எண் அட்டையைக் குத்துவோமே, அதில் ஆள் இல்லாமல் மிச்சம் கிடந்த முப்பத்தொன்றாம் எண்ணை எடுத்து என் பைகளில் கட்டினான். "இனிமே இது முப்பத்தொன்னோட மீன், தங்கச்சி. அடுத்தவன் நம்பரைத் தொட்டா கடல்ல தூக்கிப் போடலாம், கேப்டனே கேக்க மாட்டார்." இப்போது யார் எத்தனை பிடித்தார்கள் என்று எழுதும் பலகையிலும் முப்பத்தொன்று இருக்கிறது. நேற்று வரும் வழியிலேயே ஹார்லனுக்கு ஒன்று, முப்பத்தொன்றுக்கு மூன்று.

அதனால்தானோ என்னவோ, அவர் என்மேல் கடுப்பாக இருக்கிறார். இன்று அவருடைய தூண்டில் நரம்பும் பக்கத்து ஆளுடையதும் தண்ணீருக்குள் பின்னிக்கொண்டன. ஓடிப்போய்ப் பார்த்து, "ஹார்லன், கோலைக் கீழே விட்டு அவருக்கு அடியில போங்க!" என்று கத்தினேன். "ஏ தாயே, மேலயா கீழயான்னு நல்லாப் பாத்துச் சொல்லு. இது தொட்டில் கயிறில்ல" என்று சொல்லிவிட்டுக் கோலைத் தூக்கிப் பக்கத்து ஆளுக்கு மேலே போனார். நரம்பு அறுந்தது. பெரிய சூரை. பழி எனக்கு. கில் மேலே சுக்கான் அறை ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவன் இரவில் எத்தனை முறை எழுகிறான்? நீ எழுதவே இல்லை.

லிடியா


சான் டியேகோ
பிப்ரவரி 9

லிடி,

நேராகச் சொல்கிறேன். பால் போய்விட்டது.

தம்பி கொண்டுவந்து கொடுத்த சூரைத் துண்டங்களை உறைபெட்டியில் அடுக்கினேன். உன் பைகளை ஓரமாகத் தள்ளினேன். மூடி முழுதாக உட்காரவில்லை போல. காலையில் கொட்டகைத் தரையெல்லாம் தண்ணீர். மீனும் போச்சு, பாலும் போச்சு. வீட்டில் மீன்காரன் ஒருவன் இருந்தால் பாலுக்கு இடம் இருக்காது என்று உன் அக்கா சொல்லிச் சிரிப்பாளே, அவளுக்கு மட்டும் சொல்லாதே.

மாவுப்பாலைப் புட்டியில் கொடுத்தேன், துப்பினான். மூன்று தினுசு வாங்கினேன், மூன்றையும் துப்பினான். ரீல் சுற்றிச் சுற்றிக் கை வீங்கிவிட்டது. கரண்டியில் கொஞ்சம் இறங்குகிறது, கஞ்சி கொஞ்சம் இறங்குகிறது. டாக்டரம்மா எடை பார்த்தார், குறைந்திருக்கிறது. "பயப்படாதீங்க, ஆனா விடாம எதையாவது குடிக்க வைங்க" என்றார். பயப்படாதே என்று சொல்கிறவர்கள் கிளம்பி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

ரோசா பதினொன்றாம் தேதி அங்கிருந்து கிளம்புகிறது. அதில் ஏறி வா. சண்டைக்காகச் சொல்லவில்லை, லிடி. கேட்கிறேன்.

ரூயி

ஹார்லன் இத்தனை வருடமாக இருநூறு பவுண்டு சூரை, நாம் 'மாடு' என்கிறோமே, அதில் ஒன்றைப் பிடிக்கத்தானே வருகிறார்? அவர் பிடிக்கவில்லை, குடித்தேவிட்டார் என்று சொல். இதை நேற்றிரவே எழுதிவிட்டுத்தான் காலையில் உறைபெட்டியைத் திறந்தேன். அழிக்க மனம் வரவில்லை.


மார் பிராவா
பிப்ரவரி 10

ரூயி,

என் கையில் கடிதத்தைக் கொடுக்கும்போதே கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படித்திருக்கிறார். படித்து முடித்து நான் நிமிர்ந்தபோது சொன்னார்:

"ஏறணும்னா ஏறும்மா. ரோசா கேப்டன் மனு பேசாம உன்னை ஏத்திக்குவான். ஒருத்தனும் உன்னைத் தப்பாச் சொல்ல மாட்டான்."

"நாற்காலி?"

"பாதியில எறங்குனவ கையில நாளைக்கு இருபத்தஞ்சு உசுரைக் குடுன்னா, பயணிங்க கேப்பாங்கள்ல? அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? நீயே சொல்லு."

அவர்மேல் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். நியாயமாகப் பேசுகிறவர்களை என்ன செய்வது?

இப்போது நான் கேட்பதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல். அவன் அழும்போது கண்ணீர் வருகிறதா? இடுப்புத் துணி வழக்கம்போல நனைகிறதா, காய்ந்தே கிடக்கிறதா? நாக்கு ஈரமாக இருக்கிறதா? உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறதா, விரலால் தடவிப் பார். தூக்கினால் கழுத்து நிற்கிறதா, துவள்கிறதா?

இதில் ஒன்று சரியில்லை என்று நீ எழுதினாலும் ரோசாவில் ஏறிவிடுவேன். நாற்காலியாவது மண்ணாவது. எல்லாம் சரி என்றால் நான் வரமாட்டேன். எனக்கு அவன்மேல் பாசம் குறைவு என்று நீ நினைத்தாலும் வரமாட்டேன். உன் கண்ணை நம்பித்தான் கேட்கிறேன். தண்ணீருக்கடியில் நரம்பு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துச் சொல்கிற கண் அது.

உடனே எழுது. கில் எனக்காக இரண்டாவது முறை தொடர்பைத் திறப்பதாகச் சொன்னார்.

லிடியா


சான் டியேகோ
பிப்ரவரி 10, அதே இரவு

லிடி,

கண்ணீர் வருகிறது. துணி நனைகிறது, முன்னைவிடக் குறைவு. நாக்கு ஈரம். உச்சிக்குழி சரியாக இருக்கிறது. கழுத்து நிற்கிறது, என்னைப் பார்த்து முறைக்கிற அளவுக்கு நிற்கிறது.

வேறு மாதிரி எழுதியிருக்கலாம். கண்ணீர் வரவில்லை என்று ஒரு வரி போதும், நீ ஏறி வந்திருப்பாய். அந்த வரியை எழுதியும் பார்த்தேன். அப்புறம் நீ கண்ணைப் பற்றி எழுதியதைத் திரும்பப் படித்தேன்.

இனி உன் இஷ்டம். எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ரூயி


மார் பிராவா
பிப்ரவரி 11

ரூயி,

நான் வரவில்லை. பால் வருகிறது.

பலகையில் முப்பத்தொன்றுக்கு எழுதியிருந்தது அத்தனையும் பெனிட்டோவின் உறைபெட்டியில் கல்லாக இறுகிக் கிடந்தது. அவன் ஐஸ்கிரீமை எல்லாம் வெளியே எடுத்துப் பயணிகளுக்குக் காலையிலேயே பரிமாறிவிட்டான், ஐஸ்கிரீம் இருந்த தெர்மோகோல் பெட்டியைப் பைகளுக்குக் கொடுக்க. "காலங்காத்தால ஐஸ்கிரீமா?" என்று யாரோ கேட்டதற்கு, "முப்பத்தொன்னு உபயம், தின்னு" என்றான். பெட்டியைக் கட்டி, கயிற்றின் இரண்டு முனையிலும் எண் அட்டையைக் குத்தினான்.

அலை சரியில்லை. சிறு படகை இறக்க முடியாது என்றார் கில். எங்கள் அணியத்தை ரோசாவின் பின்புறத்துக்குக் கொண்டுபோய், கை நீட்டுகிற தூரத்தில் நிறுத்திப் பெட்டியைக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் இரண்டு படகுக்கும் பல் போகும். டிராவிஸ் பெட்டியோடு அணியத்தில் நின்றான். கில் சுக்கானை விட்டு எழுந்தார்.

"நீ புடி."

"நானா? இப்பவா கேப்டன்?"

"உன் பாலு. வேற யாரு புடிப்பா?"

எனக்குப் பின்னால் இரண்டு கையையும் கோட்டுப் பைகளில் விட்டுக்கொண்டு நின்றார். நான் பிடித்தேன். அணியம் ஏறும்போது ரோசா இறங்கியது, நாங்கள் இறங்கும்போது அது ஏறியது. ஒருமுறை விலகிச் சுற்றி வந்தேன். எதிர்ப்படகிலிருந்து மனு ரேடியோவில் கேட்டார்: "பெட்டி மட்டும்தானா, பொண்ணும் வருதா?" கில் என்னைப் பார்த்தார். நான் ரேடியோவை எடுத்து, "பெட்டி மட்டும்" என்றேன். என் குரல்தான் அது என்று பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது முறை கிட்டே போனபோது என் கண் அந்தப் பெட்டிக்கே போனது. கில் காதோரம் சொன்னார்: "சுக்கானைப் புடிச்சவ பெட்டியைப் பாக்கக் கூடாது. எதிர்ப்படகைப் பாரு." ரோசாவின் பின்புறத்தில் வடிந்திருந்த ஒரு துருக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோட்டை இனி எந்த ஊரில் பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். பெட்டி கைமாறியதை நான் பார்க்கவே இல்லை. "யக்கா, பாலு போயிருச்சு!" என்று டிராவிஸ் கத்தியதும்தான் பின்னோக்கி எடுத்தேன்.

கில் திரும்பச் சுக்கான் முன் உட்கார்ந்தார். நான் கீழே போய், தூண்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே அடுத்த பைக்குப் பால் எடுத்தேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

பதினைந்தாம் தேதி ரோசா துறைக்கு வரும். மீன் இறக்கும்போது போய் நில். எண்ணைக் கூப்பிடுவார்கள்.

லிடியா


மார் பிராவா
பிப்ரவரி 14

ரூயி,

மூன்று நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. திட்டியாவது எழுது. குழந்தை எப்படி இருக்கிறான் என்று உன் தங்கை வழியாகக் கில் விசாரித்துச் சொல்கிறார். என் பிள்ளை செய்தி, மீன் செய்தி மாதிரி ஊர் சுற்றி எனக்கு வருகிறது.

பின்தளத்தில் நரம்பு சிக்கினால் யார் மேலே, யார் கீழே என்று சொல்ல நான் இருக்கிறேன். இரண்டு பேரும் இழுத்தால் இரண்டும் அறும். நம் வீட்டில் அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நான் கோலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று கேட்கிறேன். அந்த நாற்காலி உனக்கு வரவேண்டியது. தோள் போகாவிட்டால் வந்திருக்கும். அதில் நான் உட்காருவதுதான் உனக்கு வலிக்கிறதா? ஆமென்றால் ஆமென்று சொல். எழுந்துவிட மாட்டேன், ஆனால் தெரிந்துகொண்டு உட்காருவேன்.

லிடியா


சான் டியேகோ
பிப்ரவரி 15

லிடி,

ஆமாம்.

கில் பதினொன்றாம் தேதி மீன் செய்தியில், "மோசமான அலையில் லிடியா படகை ரோசாவின் பின்னால் ஊசி முனையில் நிறுத்தினாள்" என்று எழுதியிருந்தார். படித்ததும் வயிறு எரிந்தது. பிறகு அதை அச்செடுத்துக் கடையில் ரீல்கள் மாட்டுகிற ஆணியில் குத்தி வைத்தேன். இரண்டும் உண்மை. அதை எப்படி எழுதுவதென்று தெரியாமல்தான் மூன்று நாள் போயிற்று.

இன்று ரோசா வந்தது. துவார்த்தேயை முதுகில் கட்டிக்கொண்டு போனேன். தள்ளுவண்டியோடு பயணிகள் வரிசையாக நின்றார்கள். மீனை எறிந்து எறிந்து எண்ணைக் கத்திக்கொண்டிருந்தான் ஒருவன். பன்னிரண்டு! ஏழு! இருபது! கடைசியில் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கி, "முப்பத்தொன்னு!" என்றான். நான் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"முப்பத்தொன்னு யாருப்பா? வேணாம்னா பூனைக்கு ஊத்தவா?"

"டேய், இங்க இருக்கான்டா!" என்று கத்தினேன். இவனை முதுகிலிருந்து அவிழ்த்துத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன், தோள் வலியோடுதான். கெட்ட தோள் என்பது தூக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. துறையே கைதட்டியது. "எடை என்ன?" என்று ஒருவன் கேட்டான். "எறங்கிக்கிட்டிருக்கு, இனிமே ஏறும்" என்றேன்.

வீட்டுக்கு வந்து கரைத்தேன். அடுப்பில் நேராக வைக்கவில்லை. புட்டியைத் தட்டிவிட்டான். என் காப்பிக் குடுவையின் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான், லிடி. பையில் சூரை வாசனை அடித்தது, முகம் சுளிக்கவே இல்லை. குடித்துவிட்டு மூடியைக் கவிழ்த்துக் காட்டினான். உறைபெட்டி மூடிமேல் ஈயக்குண்டுப் பெட்டியை ஏற்றி வைத்திருக்கிறேன். இனி திருடன் வந்தாலும் திறக்க முடியாது.

இரவில் இரண்டு முறை எழுகிறான். முன்பே கேட்டாய், இப்போதுதான் எழுதுகிறேன்.

ரூயி


மார் பிராவா, வீட்டுக்கு வரும் வழி
பிப்ரவரி 19

ரூயி,

மூடியில் குடித்தான் என்ற வரியைப் பெனிட்டோ சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் உரக்கப் படித்தான். பலகையில் முப்பத்தொன்றுக்கு எதிரே யாரோ ஒரு கிரீடம் வரைந்திருக்கிறார்கள். ஹார்லன்தான் என்று சந்தேகம். கடைசி நாள் அவருடைய நரம்பு மறுபடி சிக்கியது. "மேலயா கீழயா, கேப்டனம்மா?" என்று கேட்டார். கீழே என்றேன். கீழே போனார். மாடு கிடைத்தது. வெகுநேரம் போராடி அதைத் தளத்தில் கிடத்திவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

கில் இன்னும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சாயங்காலம் மட்டும், "நாளைக்குத் துறைக்குள்ள நீ கொண்டுபோ" என்றார்.

"டிராவிஸ்?"

"அவன் கயிறு எறிவான். அவன்கிட்ட பேசிட்டேன்."

டிராவிஸ் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு மணி நேரம் தளம் கழுவினான். பிறகு வந்து, "யக்கா, தூண்ல இடிச்சுறாத, நான் முன்னாடி நிப்பேன்" என்றான்.

காலையில் முனையைச் சுற்றி வருவோம். நீ வருவாயோ என்னவோ, நான் கேட்கவில்லை. வந்தால் அவனிடம் சுக்கான் அறையைக் காட்டு, நான் அங்கே இருப்பேன். கையசைக்கவில்லை என்று இருவரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இரண்டு கையும் சுக்கானில் இருக்கும்.

லிடியா


சான் டியேகோ
பிப்ரவரி 19

லிடி,

ஐஸ் வண்டிக் கிழவரிடம் சொல்லிவிட்டேன், நாளைக்கு அவர் கயிற்றைத் தொடக் கூடாது.

டிராவிஸிடம் சொல், கயிற்றை என்னிடம் எறியட்டும். மெதுவாக எறியட்டும், முதுகில் முப்பத்தொன்றாம் எண் இருப்பான்.

ரூயி

கேப்டன், இதைப் படிச்சிட்டீங்கள்ல? அப்ப நீங்களே டிராவிஸ்கிட்ட சொல்லிருங்க.